சைக்கியாட்ரி (மனநல) வார்டு போஸ்டிங், பினாங்கு, ரெண்டாவது வருஷம்: எதப் படிக்கிறது, எப்படிப் பேசுறது?

மலர்_பட்டர்வொர்த் · ஞாயிறு, இரவு 10.42

வணக்கம். நான் டிப்ளோமா நர்சிங் ரெண்டாவது வருஷம். வர்ற திங்கள்லருந்து நாலு வாரம் சைக்கியாட்ரி போஸ்டிங். வீட்டுல சொன்னதும் பாட்டி, "தஞ்சோங் ரம்புத்தானுக்கா அனுப்புறாங்க?"ன்னு கேட்டு நெஞ்சுல கை வச்சிருச்சு. நான் போறது பினாங்குலயே இருக்கிற ஒரு ஆஸ்பத்திரி வார்டுக்கு. ஆனா மனநல ஆஸ்பத்திரி இருக்கிற அந்த ஊர்ப் பேரு நம்ம வீடுகள்ல எவ்வளவு ஆழமா இறங்கியிருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

எனக்கு ரெண்டு சிக்கல். மருந்துப் பேரெல்லாம் ராத்திரி மனப்பாடம் பண்றேன், காலைல ஒண்ணும் நிக்கல. மனநல மருந்தால வர்ற ரெண்டு ஆபத்து: என்எம்எஸ்ஸும் (நியூரோலெப்டிக் மலிக்னன்ட் சிண்ட்ரோம்) காய்ச்சல், நடுக்கம். செரோட்டோனின் சிண்ட்ரோமும் காய்ச்சல், நடுக்கம். எப்படிப் பிரிக்கிறது? இன்னொண்ணு, நோயாளிகிட்ட என்ன பேசுறதுன்னே தெரியல. மெடிக்கல் வார்டுல பிபி எடுக்கலாம், டிரிப் பாக்கலாம், கைக்கு வேலை இருக்கும். இங்க வாய்தான் வேலை செய்யணும்னு சீனியர்ங்க சொல்றாங்க. போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

செந்தூல்காரி · ஞாயிறு, இரவு 11.15

தங்கச்சி, நான் கேஎல்ல மூணாவது வருஷம். எங்க சி.ஐ. (வார்டுல சொல்லிக்குடுக்குற டீச்சர்) சொல்லிக்குடுத்தத அப்படியே சொல்றேன்: விறைப்பா, துள்ளலான்னு பாரு.

என்எம்எஸ்னா விறைப்பு. முழங்கைய மடக்கிப் பாத்தா ஈயக் குழாய வளைக்கிற மாதிரி இருக்கும். ரிஃப்ளெக்ஸ் மந்தம். ஹாலோபெரிடோல் மாதிரி டோபமைனத் தடுக்கிற மருந்தால வரும், நாள் கணக்குல மெல்ல ஏறும். ரத்தத்துல சிகே (தசை சிதைஞ்சா ஏறுற என்சைம்) கூடியிருக்கும். செரோட்டோனின்னா துள்ளல். பாதத்த மேல தள்ளிப் பிடிச்சா கணுக்கால் தானா டக் டக்னு அடிக்கும், அதுக்குப் பேருதான் குளோனஸ். கண்மணி விரிஞ்சிருக்கும், வயித்தால போகும். மருந்து சேத்தோ கூட்டியோ 24 மணி நேரத்துக்குள்ளயே பெரும்பாலும் வந்துரும். எஸ்எஸ்ஆர்ஐ (டிப்ரஷனுக்குக் குடுக்குற ஒரு வகை மருந்து) சாப்பிடுற ஆளுக்கு வலிக்குன்னு டிராமடோல் குடுத்தாலும் வரலாம், அதனால சர்ஜிக்கல் வார்டுக்குப் போனாலும் இத மறக்காத. எதுவா இருந்தாலும் அடுத்த வேளை மருந்தக் குடுக்காம நிறுத்தி வச்சிட்டு உடனே டாக்டரக் கூப்பிடு.

பேசுறதப் பத்தி நம்ம பழைய மிஸ்ஸி (நர்ஸ்) அம்மா வந்து சொல்லுவாங்க, இரு.

பழைய மிஸ்ஸி · திங்கள், காலை 6.20

மகளே, நான் 1978-இல் பயிற்சிக்குச் சேர்ந்தவள். இப்போது ஆயர் ஈத்தாமில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன்.

முதலில் பாட்டி சொன்ன ஊர். அந்த ஆஸ்பத்திரி 1911-இல் திறந்தது. இன்று அதன் பெயர் ஹாஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா. மனச்சிதைவுக்கு உண்மையிலேயே வேலை செய்யும் முதல் மருந்தான குளோர்புரோமசின் வந்தது 1952-இல். நடுவில் நாற்பது வருடம். அந்த நாற்பது வருடத்தில் உள்ளே போன பலர் வீடு திரும்பவில்லை. உன் பாட்டி அந்தக் காலத்தின் பயத்தைத்தான் பேசுகிறார். அவரிடம் கோபப்படாதே. இப்போது மாதம் ஒரு டிப்போ ஊசி (மருந்து உடம்பில் மெல்ல இறங்கும் ஊசி) போட்டுக்கொண்டு காலையில் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்.

இப்போது ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். எண்பதுகளில் நடந்தது. தோட்டத்துப் பிள்ளை, பத்தொன்பது வயது. ஹாலோபெரிடோல் ஊசி போட்ட மறுநாள், விசிட்டிங் நேரம். அவன் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கருமணி மேலே செருகி வெள்ளை மட்டும் தெரிந்தது. நாக்கு வெளியே தள்ளியது. அவன் அம்மா முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்து நெற்றி முழுக்கப் பூசி, "முனியாண்டி, என் பிள்ளைய விட்டுரு" என்று கதறினார். என் பக்கத்தில் நின்ற ஒருத்தி, "நடிக்கிறான்" என்றாள். இரண்டுமே இல்லை. அதற்கு டிஸ்டோனியா என்று பெயர். இளம் ஆண்களுக்கு அதிகம் வரும், முதல் சில நாளிலேயே வரும். டாக்டர் புரோசைக்ளிடின் ஊசி எழுதினார், நான்தான் போட்டேன். கால் மணி நேரத்தில் கழுத்து மெல்ல நேரானது. "அம்மா, தண்ணி" என்றான். அந்த அம்மா அதைத் திருநீற்றின் அருள் என்றே நம்பினார், நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் இந்த இழுப்பு மருந்தால் வந்தது, மறுபடி வந்தால் பூசாரியிடம் போவதற்கு முன் இங்கே தூக்கி வாங்க என்று மூன்று முறை சொல்லி, அவரையும் திருப்பிச் சொல்ல வைத்தேன்.

இதைவிடத் தந்திரமானது அகதீசியா. உட்கார முடியாது, நிற்க முடியாது, கால் ஓயாமல் நடக்கும். பார்க்கிறவர்கள் நோய் முற்றிவிட்டது என்று எண்ணி அதே மருந்தைக் கூட்டுவார்கள், அவஸ்தையும் கூடும். நீ போய், "உள்ளுக்குள்ள அரிப்பு மாதிரி இருக்கா, நடந்தாத்தான் தாங்குதா?" என்று கேள். "ஆமா மிஸ்ஸி" என்றால் ரிப்போர்ட்டில் எழுது, சிஸ்டரிடம் சொல்.

பேச்சைப் பற்றிக் கேட்டாய். நின்றுகொண்டு பேசாதே, உட்கார். நேருக்கு நேர் முறைக்காமல் சற்றுப் பக்கவாட்டில், கதவு உன் பக்கம் இருக்கும்படி. முதல் கேள்வி "சாப்பிட்டீங்களா?" என்று இருக்கட்டும், அடுத்தது "ராத்திரி தூங்கினீங்களா?" நம் வீட்டில் யாரைப் பார்த்தாலும் விசாரிப்பது இதைத்தானே. பசி, தூக்கம், ஆட்கள் மேல் இருக்கும் ஒட்டுதல் மூன்றும் அதிலேயே வெளியே வந்துவிடும். பதில் வராவிட்டால் சும்மா கூட இரு. அவர் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுது. "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் ஒருவருக்கும் வாக்குக் கொடுக்காதே.

தம்பிக்காரன் · திங்கள், இரவு 9.03

நான் நர்ஸ் இல்ல. பாயான் லெப்பாஸ்ல பேக்டரி வேலை. நோயாளி வீட்டு ஆளா ஒண்ணு சொல்லணும்.

எங்க அண்ணனுக்கு பைபோலார், மனநிலை ரொம்ப ஏறி இறங்குற நோய். பன்னெண்டு வருஷமா லித்தியம் சாப்பிடுது. நல்லா இருந்துச்சு, கல்யாணமும் ஆச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்ன பிள்ளை பொறந்ததுக்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்கறேன்னு நேர்ந்துக்குச்சு. 48 நாள் விரதம். ஒரு வேளை சாப்பாடு, அதுலயும் உப்ப ரொம்பக் குறைச்சிருச்சு. சாயந்திரம் வெயில்ல நடந்து பழகுச்சு. காவடி தூக்கிப் பழகுனதுல தோள் வலி, கூட்டாளி குடுத்த பொன்ஸ்தான் மாத்திரைய தினம் போட்டுச்சு.

தைப்பூசத்துக்கு மூணு நாள் இருக்கும்போது காலைல கோப்பி குவளையத் தூக்குச்சு. கை ஆடுன ஆட்டத்துல பாதிக் கோப்பி மேசைல. பேச்சு குழறுச்சு. வாந்தி. நடந்தா சுவத்தப் பிடிக்குது. அப்பா, "விரதத்துல குடிச்சிட்டியாடா"ன்னு கன்னத்துல அறைஞ்சிட்டாரு. அண்ணன் ஒண்ணும் சொல்லல, தலையக் குனிஞ்சுக்குச்சு. அண்ணிதான் மருந்துப் பொட்டலத்த எடுத்துக்கிட்டு எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போச்சு. லித்தியம் அளவு 2.3ன்னு சொன்னாங்க. டிரிப் ஏத்தி, ஒன்பது நாள் படுக்க வச்சிருந்தாங்க. இப்ப நல்லாருக்கு.

விரதத்துக்கு நடுவுல ஒரு தடவை கிளினிக் போயிருந்துச்சு. "மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா"ன்னு கேட்டாங்களாம், "ஆமா"ன்னுச்சாம். அதோட முடிஞ்சுச்சு. விரதத்தப் பத்தி ஏன் சொல்லலன்னு அண்ணனக் கேட்டேன். "அவங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப் போவுது"ன்னுச்சு. மலர், நீங்க கேட்டா அது சொல்லியிருக்கும். அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

கவுண்டர்_மூணு · திங்கள், இரவு 11.48

தம்பிக்காரன், நன்றி. உங்க அப்பா அன்னைக்கு அடிச்சத நெனச்சு இன்னும் வருத்தப்படுவாருன்னு தோணுது. லித்தியம் நஞ்சானா பாக்கறதுக்கு அப்படியே குடிச்ச ஆள் மாதிரிதான் இருக்கும், அவருக்குத் தெரிஞ்சிருக்க வழியில்ல.

நான் பார்மசிஸ்ட். மாணவர்களுக்காக இந்தக் கதைய மருந்துப் பக்கத்துலருந்து சொல்றேன். சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடத்தும். உடம்புல உப்பும் தண்ணியும் கொறைஞ்சா, கிட்னி சோடியத்த வெளிய விடாம இழுத்து வச்சுக்கும், கூடவே லித்தியமும் ரத்தத்துக்குத் திரும்பிரும். விரதம், வேர்வை, உப்புக் கொறைப்பு மூணும் சேந்து அதத்தான் பண்ணுச்சு. அதுக்கு மேல பொன்ஸ்தான், அதாவது மெஃபனாமிக் ஆசிட். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக்கும் அதே இனம்தான், லித்தியம் வெளியேறுறதக் கொறைச்சிரும். வலின்னா பனடோல் (பாராசிட்டமோல்) போடச் சொல்லணும்.

ரத்தத்துல லித்தியத்த சாதாரணமா லிட்டருக்கு 0.6லருந்து 1.0 மில்லிமோல் வரைக்கும் வச்சிருப்போம். 1.5 தாண்டுனா ஆபத்து. 1949ல ஆஸ்திரேலியாவுல ஜான் கேட் லித்தியத்தப் பத்தி எழுதுனாரு. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவுல உள்ள இடைவெளி அன்னைக்கும் ஒடுக்கம்தான், இன்னைக்கும் ஒடுக்கம்தான். ரத்தம் எடுக்கறது கடைசி வேளை மருந்துக்கு 12 மணி நேரம் கழிச்சு. காலை மாத்திரைய முழுங்கிட்டு வந்து ரத்தம் குடுத்தா கணக்கு தப்பா ஏறித் தெரியும், அதனால ஊசி குத்துறதுக்கு முன்ன "காலைல மாத்திரை போட்டீங்களா"ன்னு கேக்கணும். விரல் நுனில மெல்லிசா ஒரு நடுக்கம் லித்தியம் சாப்பிடுற பல பேருக்கு இருக்கும். குவளை ஆடுற அளவுக்குப் பெருசானா, கூட வாந்தி பேதி, தள்ளாட்டம்னா அடுத்த வேளை குடுக்காதீங்க, டாக்டரக் கூப்பிடுங்க.

கேட்டாத்தான் தெரியும்னு சொன்னதுனால இன்னொண்ணு, மனச்சிதைவுக்குக் குடுக்குற குளோசபின். எல்லாரும் வெள்ளணு சோதனைய மனப்பாடம் பண்ணிருவாங்க, முதல் 18 வாரம் வாராவாரம்னு. காய்ச்சல், தொண்டை வலின்னா உடனே ரத்தம் பாக்கணும்னும் தெரியும். ஆனா சிகரெட்? புகை கல்லீரல வேகமா வேலை செய்ய வச்சு குளோசபின சீக்கிரமாக் கரைச்சிரும். தினம் ஒரு பாக்கெட் ஊதுறவரு வார்டுக்கு வந்து சடார்னு நிறுத்துனா, அதே மாத்திரை சில நாள்ல ரத்தத்துல ஏறி நிக்கும். தூங்கி வழிவாரு, எச்சில் ஒழுகும், வலிப்பு கூட வரலாம். நிக்கோட்டின் ஒட்டு போட்டிருந்தாலும் இதேதான், ஏன்னா காரணம் நிக்கோட்டின் இல்ல, புகை. அப்புறம் மலச்சிக்கல். கூச்சப்படாம தினம் கேளுங்க. குளோசபின்ல குடல் நின்னு போய் உயிர் போனவங்க இருக்காங்க.

செத்தாப்பாக்_எம்ஏ · செவ்வாய், அதிகாலை 2.30

நைட் ஷிஃப்ட் இடைவேளைல எழுதுறேன். நம்ம ஆளுங்களப் பொறுத்தவரைக்கும் கேக்க வேண்டிய இன்னொண்ணு சம்சு (மலிவுச் சாராயம்), பீர். ஆர்த்தோ வார்டுல கால் ஒடைஞ்சு படுத்த அண்ணன், மூணாம் நாள் ராத்திரி பெட்ஷீட்ல எறும்பு ஊருதுன்னு தட்டிக்கிட்டே இருப்பாரு. வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், இருக்கிற எடம் தெரியாது. அது பைத்தியம் இல்ல. குடி நின்னு ரெண்டு மூணு நாள் ஆனதால வர்ற டெலிரியம் டிரெமன்ஸ், கவனிக்காம விட்டா ஆளு போயிரும். பென்சோடயசிபின் (அமைதிப்படுத்துற மருந்து) குடுப்பாங்க. குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்ன தயமின் (வைட்டமின் பி1) போயிருக்கான்னு பாருங்க. "குடிப்பீங்களா"ன்னு கேட்டா "எப்பவாச்சும்"னுதான் வரும். "கடைசியா எப்ப, எவ்வளவு"ன்னு கேளுங்க, பொண்டாட்டி பக்கத்துல இல்லாதப்ப.

மலர்_பட்டர்வொர்த் · ரெண்டாவது வாரம், வியாழன், இரவு 9.50

எல்லாருக்கும் நன்றி. அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரம் மாத்தித்தான் எழுதுறேன்.

இன்னைக்கு ஈசிடி, அதாவது மூளைக்கு மின்சாரம் குடுத்து வலிப்பு வர வைக்கிற சிகிச்சை, பாத்தேன். கட்டிப்போட்டு ஷாக் குடுப்பாங்கன்னு நெனச்சுப் போனேன். அந்த அக்கா நாலு வாரமா சாப்பாடும் இல்ல, பேச்சும் இல்ல. ராத்திரிலருந்து வெறும் வயிறு. மயக்க மருந்து, தசை தளர்த்துற மருந்து, வாய்ல கடிக்கிறதுக்கு ரப்பர். ஒரு கணுக்கால்ல மட்டும் பிபி கஃப் இறுக்கியிருந்தாங்க, தளர்த்துற மருந்து அந்தப் பாதத்துக்குப் போகாம இருக்க. நான் அந்தக் கட்டை விரலத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். அது துடிச்சுச்சு, உடம்புல வேற எதுவும் பெருசா அசையல. ஒரு நிமிஷத்துக்குள்ள நின்னுருச்சு. முழிச்சதும் எந்த எடம்னு ரெண்டு தடவை கேட்டாங்க. இது அவங்களுக்கு நாலாவது தடவை. ஒரு மணி நேரம் கழிச்சு "மைலோ இருக்கா"ன்னு கேட்டாங்க. சிஸ்டர் என்னையப் பாத்து தலைய ஆட்டுனாங்க. நானே கலக்கிட்டு வந்து குடுத்தேன்.

ஆனா நேத்து ஒண்ணு தப்பாப் பண்ணிட்டேன்னு தோணுது. வயசான ஒரு அம்மா தமிழ் மட்டும்தான் பேசுறாங்க, டாக்டர் மலாய்க்காரங்க. என்னைய மொழிபெயர்க்கச் சொன்னாங்க. அம்மா, "மாரியாத்தா என்கிட்ட பேசுவா"ன்னாங்க. நான் அப்படியே "கடவுள் குரல் கேக்குது"ன்னு மலாய்ல சொன்னேன், டாக்டர் ஹாலுசினேஷன்னு எழுதிட்டாங்க. அப்புறம், "இப்படி இருக்கிறதுக்குப் போய்ச் சேந்துட்டாத் தேவல"ன்னாங்க. எனக்கு அதச் சொல்ல வாய் வரல. "ரொம்பச் சோர்வா இருக்காங்களாம்"னு சொல்லிட்டேன். ராத்திரி பூரா தூக்கம் இல்ல.

பழைய மிஸ்ஸி · வெள்ளி, காலை 5.55

மகளே, இதைப் படித்தவுடன் முதலில் செய்ய வேண்டியது: இன்று வார்டுக்குள் நுழைந்ததும் சிஸ்டரிடம் போய், "அந்த அம்மா சொன்னதை நான் குறைத்துச் சொல்லிவிட்டேன்" என்று அந்தத் தமிழ்ச் சொற்களையே சொல். திட்டினாலும் பரவாயில்லை.

"போய்ச் சேந்துட்டாத் தேவல" என்று நம் பாட்டிகள் முழங்கால் வலிக்கும் சொல்வார்கள். அதனால்தான் நமக்கு அது காதில் ஏறுவதில்லை. வார்டில் அந்தச் சொல் வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து திருப்பிக் கேள்: "உயிரை விட்டுரலாம்னு நெனக்கிறீங்களா அம்மா? எப்படின்னு யோசிச்சீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்ட பிறகு பெருமூச்சு விட்டு அழுதவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம் தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவுக்குப் பயந்தே உண்மையைச் சொல்ல மாட்டார்கள், தற்கொலைக்கு முயன்றால் ஒரு வருடம் வரை சிறை. 2023-இல் அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள். குடும்பத்துக்குத் தெரிந்திருக்காது, நீ சொல்.

மாரியாத்தா பேசுவது பற்றி. எத்தனை வருடமாகப் பேசுகிறாள்? காதால் கேட்கும் குரலா, சாமி கும்பிடும்போது மனதில் வரும் வார்த்தையா? ஆறுதல் சொல்கிறாளா, திட்டுகிறாளா, ஏதாவது செய்யச் சொல்கிறாளா? வீட்டில் மற்றவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? தைப்பூசத்தில் அருள் வந்து ஆடுகிறவர் காவடி இறங்கியதும் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார், மறுநாள் வேலைக்கும் போகிறார். அதை யாரும் நோய் என்பதில்லை, டாக்டர்களின் நூலும் அப்படிச் சொல்வதில்லை. முப்பது வருடமாக ஆறுதல் சொன்ன ஆத்தா, போன மாதத்திலிருந்து "சோற்றில் விஷம்" என்று சொல்ல ஆரம்பித்தால் அப்போது கவலைப்பட வேண்டும். மலாயில் ஒரு வரியில் அடங்காது என்றால், "டாக்டர், இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று நேரம் கேள். தருவார்கள்.

செந்தூல்காரி · வெள்ளி, மதியம் 1.10

மலர், தூக்கம் வரலன்னு எழுதியிருந்ததப் பாத்து இத எழுதுறேன். இங்க யாருக்கும் சொன்னதில்ல.

ரெண்டாவது வருஷத்துல எனக்கே டிப்ரஷன் இருந்துச்சு. ஷிஃப்ட் முடிஞ்சு ஹாஸ்டல் வந்து செருப்பக் கூட கழட்டாம கட்டில்ல உக்காந்திருப்பேன், விடியிற வரைக்கும். பிஎச்கியூ-9, டிப்ரஷன் இருக்கான்னு பாக்குற கேள்விப் படிவத்த நோயாளிக்கு நிரப்பிக் குடுத்துட்டு, அன்னைக்கு ராத்திரி எனக்கு நானே போட்டுப் பாத்தேன். 27க்கு 17. பத்து தொட்டாலே டாக்டரப் பாக்கணும்னு அன்னைக்குக் காலைலதான் நோயாளிக்குச் சொல்லியிருந்தேன். செர்ட்ராலின் குடுத்தாங்க. முதல் ரெண்டு வாரம் குமட்டல்தான் மிச்சம், மனசு அப்படியே. விட்டுரலாம்னு இருந்தேன். 25 வயசுக்குக் கீழ உள்ளவங்கள ஆரம்ப வாரங்கள்ல கூர்ந்து பாக்கணும்னு நாம படிக்கிறோம்ல, அதுக்காக டாக்டர் வாராவாரம் வரச் சொன்னாங்க. அஞ்சாவது வாரம் ஒரு நாள் கீழ்க் கடைல மீ கோரேங் வாசம் வந்துச்சு, வாங்கிச் சாப்பிட்டேன். முழுத் தட்டும். அன்னைக்குத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுச்சு. கூடவே சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாத்திப் பழக்குற பேச்சு சிகிச்சை), எட்டு தடவை. மாத்திரைய விட அதுதான் எனக்கு உதவுச்சுன்னு நெனக்கிறேன், ஆனா மாத்திரை இல்லாம அங்க போய் உக்காந்திருக்கவே முடியாது.

2019 தேசியச் சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல 2.3 விழுக்காட்டுக்கு டிப்ரஷன். 2023ல 4.6. ஒரு வகுப்புல நாப்பது பேரு இருந்தா ரெண்டு பேரு மாதிரி. அதுல ஒருத்தி நான். ராத்திரில யார்கிட்டயாச்சும் பேசணும்னா சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555 இருக்கு, போன்ல காது குடுத்துக் கேக்குற தொண்டர்கள், பிஃப்ரெண்டர்ஸ் இருக்காங்க. இல்ல எனக்கு எழுது.

மலர்_பட்டர்வொர்த் · நாலாவது வாரம், புதன், இரவு 10.30

அக்கா, எழுதுனதுக்கு நன்றி. நான் இப்ப தூங்குறேன். அந்த அம்மா விஷயத்த அன்னைக்கே சிஸ்டர்கிட்ட சொன்னேன். திட்டல. டாக்டர் மறுபடி வந்து, இந்தத் தடவை அரை மணி நேரம் உக்காந்தாங்க. அம்மா வீட்டுல பழைய மாத்திரையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்ல சேத்து வச்சிருக்காங்க. மகன் போய் எடுத்துட்டு வந்து குடுத்துட்டாரு.

இன்னைக்கு டிஸ்சார்ஜ் ஆக இருந்த ஒரு அக்காகிட்ட, லித்தியம் சாப்பிடுறவங்க, "தைப்பூசத்துக்கு ஏதாச்சும் நேர்ந்திருக்கீங்களா"ன்னு கேட்டேன். என்னைய நிமிந்து பாத்தாங்க. "பால்குடம். எப்படித் தெரியும்?"னாங்க. விரதம் எப்படி இருப்பீங்கன்னு கேட்டேன். காலைல ஒண்ணும் இல்ல, மதியம் பச்சரிசிச் சோறு, உப்பில்லாம. தலைவலிச்சா? "பொன்ஸ்தான் இருக்கு, பேக்ல." எடுத்தும் காட்டுனாங்க. நான் சிஸ்டர்கிட்ட ஓடுனேன், சிஸ்டர் டாக்டர்கிட்ட, அப்புறம் பார்மசியிலருந்தும் வந்தாங்க.

போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லல. அதான் அந்த அக்கா அழுதுட்டாங்க. உப்பக் கொறைக்கக் கூடாது, தண்ணி நல்லாக் குடிக்கணும், விரதத்துக்கு நடுவுல ஒரு தடவையும் தைப்பூசத்துக்கு முந்துன வாரம் ஒரு தடவையும் ரத்தம் பாக்கணும், வாந்தி பேதி வந்தா அன்னைக்கே வந்துரணும். இதெல்லாம் நான் தமிழ்ல சொன்னேன், அவங்க திருப்பிச் சொன்னாங்க. பொன்ஸ்தான் அட்டைய என் கைலயே குடுத்துட்டாங்க. "உப்பு சேத்தா விரதம் கெட்டுராதா மிஸ்ஸி"ன்னு கேட்டாங்க. அதுக்கு எனக்குப் பதில் தெரியல.

தம்பிக்காரன் · புதன், இரவு 11.20

எங்க அண்ணன் அதே கேள்விய கோயில் குருக்கள்கிட்ட கேட்டுச்சு. "மருந்து சாப்பிடுறவனுக்கு உப்பும் மருந்துதான்ப்பா, சாப்பிடு"ன்னு சொன்னாரு. அந்த அக்காகிட்ட சொல்லுங்க. போன வருஷம் அண்ணன் காவடி எடுத்து மேல ஏறிருச்சு. அப்பா பக்கத்துலயே தண்ணி போத்தலத் தூக்கிக்கிட்டு நடந்தாரு.

நாங்க குடும்பமா இந்த வருஷமும் தண்ணீர்ப் பந்தல் போடுறோம், மலைக்குப் போற வழில. நீர்மோர்தான், உப்பு போட்டது. அந்த அக்கா யாரு என்னன்னு எங்களுக்குத் தெரிய வேணாம். பால்குடம் இறக்கிட்டு வர்றப்ப எந்தப் பந்தல்லயாச்சும் நின்னு ரெண்டு குவளை குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க.